காரியாலயக் கொப்பியில் உறங்கும் மழைக் கணக்கு

மலையக மக்களுக்கு மழை புதிய விடயமல்ல. கொழுந்து மலையில் நனைந்து, லயத்துக் கூரையின் கீழ் அதன் இரைச்சலைக் கேட்டு உறங்கி, அதனோடு பழகியவர்கள் அவர்கள். ஆயினும் பழகிய மழையும் ஓர் இரவில் கொல்லும் என்பதை 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையை ஊடறுத்துச் சென்ற 'டித்வா' சூறாவளி உணர்த்திச் சென்றது. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் ஆகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது கண்டி மாவட்டமாகும். கடலையே காணாத அந்த மாவட்டத்தில் மாத்திரம் 200க்கு மேற்பட்டோர் பலியாகினர். அவர்களுள் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது மலைச்சரிவிலிருந்து நழுவி வந்த மண்ணேயாகும்.

சூறாவளி என்பது மட்டக்களப்புக்கும் முல்லைத்தீவுக்கும் உரிய கவலை என்றும், கடும் வெப்பம் என்பது அநுராதபுரத்துக்கும் மன்னாருக்கும் உரிய கவலை என்றும், மலைநாட்டவர்களுக்குக் குளிரும் அட்டையுமே தொல்லை என்றும் நீண்ட காலமாக எம்மிடையே ஓர் எண்ணம் நிலவி வந்துள்ளது. இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. எனவே மலையகத்தின் ஒரு மூலையிலுள்ள ஒரு பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, அங்கு வெப்பமும் இடியும் மழையும் மண்சரிவும் எவ்வாறு ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கின்றன என்பதையும், உயிர் காக்கக்கூடிய ஒரு சிறிய தகவல் அங்கு நாள்தோறும் அளக்கப்பட்டும் உரியவர்களைச் சென்றடையாது இருப்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

கண்டி நகரிலிருந்து வத்துகாமம் வழியாக மேலேறிச் சென்றால் பன்வில வரும். அதற்கப்பால் ஹுலுகங்கை, மடுல்கலை எனத் தேயிலைத் தோட்டங்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன. தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள், கிராமங்களில் சிங்கள விவசாயிகள், கடைவீதிகளில் முஸ்லிம் வர்த்தகர்கள் என மூவின மக்களும் ஒரே மலையின் நீரைக் குடித்து வாழும் பிரதேசம் இது. மலையில் பெய்யும் மழை ஹுலு கங்கையில் சேர்ந்து, மகாவலியின் விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்குகின்றது.

இப்பிரதேசத்தின் ஆண்டுக் காலநிலையைச் சற்று நோக்குவோம். பெப்ரவரியில் மழை குறைந்து, ஓடைகள் மெலிந்து, தேயிலையின் கொழுந்து குறையத் தொடங்கும். மார்ச் மாதத்திலும் ஏப்ரல் மாதத்திலும் முதலாம் இடைப்பருவக் காலம். ஏப்ரல் மாதத்தின் முதற் பாதியில் சூரியன் இலங்கையின் நேர் உச்சிக்கு வருகின்றது. காலையில் கண் கூசும் வெயில், பிற்பகலில் இடியும் மின்னலும், மாலையில் கொட்டும் மழை, இரவில் தெளிந்த வானம் என்பது அக்காலத்தின் நாளொழுங்கு. மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி வந்து மேற்குச் சரிவுகளை நனைக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டாம் இடைப்பருவக் காலம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் அதுவே. டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ் பருவப்பெயர்ச்சியின் மழையைப் பெரும்பாலும் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகள் வாங்கிக்கொள்ளும் எனினும், தாழமுக்கம் நாட்டுக்குள் நுழைந்து மெதுவாக நகரும் நாட்களில் மலைமுகட்டைத் தாண்டி மேற்குப் பக்கமும் அந்த மழை கொட்டும். சுருங்கக் கூறின், வருடத்தில் இரண்டு மூன்று மாதங்களைத் தவிர ஏனைய காலமெல்லாம் பன்வில மலைகளுக்கு ஏதோ ஒரு திசையிலிருந்து மழை வந்துகொண்டே இருக்கின்றது.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். ஆயிரம் மீற்றர் மேலேறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பாடசாலையில் நாம் கற்றது. ஆதலால் வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல்களை மலைநாட்டில் எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் மனித உடல் உணர்வது வெப்பமானி காட்டும் வெப்பத்தை மாத்திரமல்ல. காற்றிலுள்ள ஈரப்பதனையும் சேர்த்தே உணர்கின்றது. வெப்பமானி 32 பாகையைக் காட்டும்போது ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால், உடல் உணர்வது 41 பாகை அளவிலான வெப்பத்தை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலராது வழிந்தோடும். கண்டிக்குக் கீழுள்ள பள்ளத்தாக்குகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இத்தகைய நிலை அரிதன்று. நிழல்மரங்கள் குறைந்த தேயிலைச் சரிவில், முதுகில் கூடையுடனோ தலையில் பாரத்துடனோ நண்பகலில் ஏறி இறங்கும் பெண்ணின் உடலுக்கு, மலையின் உயரம் தரும் சலுகை வெகு சொற்பமே.

இவ்விடத்தில் அயல் நாட்டின் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுவது பொருத்தமானது. 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவின் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 பாகையைத் தொட்டது. அம்மாதத்தில் வழமைக்கு மேலதிகமாக 1,300க்கு மேற்பட்ட மரணங்கள் நிகழ்ந்தன என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அந்நகரம் 2013 இல் வெப்பச் செயற்திட்டம் ஒன்றை வகுத்தது. வானிலை அவதான நிலையத்தின் எண்ணை நிறமாக மாற்றி, அந்த நிறத்தை ஓர் ஏவலாக மாற்றினர்: இந்த நிறமென்றால் கட்டடத் தொழிலாளர் நண்பகலில் வேலை செய்யலாகாது, இந்த நிறமென்றால் வைத்தியசாலைகள் இன்னின்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்றவாறு. 2015 இல் ஆந்திராவிலும் தெலுங்கானாவிலுமாக இரண்டாயிரம் பேரளவில் வெப்பத்துக்குப் பலியான பின்னர் இந்த முறை வேறு பல நகரங்களுக்கும் பரவியது. அளந்த எண் எவருக்கோ ஓர் ஏவலாக மாறும்போதுதான் பயன் தருகின்றது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. எமது தோட்டங்களிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலை வேளை வேலையை முன்கூட்டித் தொடங்கி நண்பகலைத் தவிர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ரமழான் மாதம் அண்மைய ஆண்டுகளில் பெப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி வருவதால், நோன்பு நோற்றுக்கொண்டு வெளியில் உழைக்கும் சகோதரர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

வெப்பம் தரும் தீங்கு அத்துடன் முடிவதில்லை. காற்று ஒரு பாகை வெப்பமடையும்போது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைச் சுமக்க வல்லது. சூடான கடலின் மேலாக வரும் காற்று முன்னரை விடக் கூடுதலான நீரைக் கொண்டு வந்து மலைச்சரிவில் கொட்டுகின்றது. மழை நாட்களின் எண்ணிக்கை கூடவேண்டும் என்பதில்லை. பெய்யும் நாளில் ஒரேயடியாகப் பெய்கின்றது. முன்பு ஒரு வாரம் தூறிய மழை இப்போது ஓர் இரவில் கொட்டுகின்றது என்று தோட்டத்துப் பெரியவர்கள் கூறுவதில் பௌதிகவியலுக்கு முரணானது எதுவும் இல்லை.

இடைப்பருவக் காலத்து மாலை இடிமழையும் வெப்பத்தின் பிள்ளையே. காலை வெயிலில் நிலம் சூடாகின்றது. இரு கரைகளிலிருந்தும் உள்நோக்கி வரும் கடற்காற்றுகள் மத்திய மலைநாட்டில் சந்தித்து மேலெழுகின்றன. பிற்பகல் இரண்டு மணியளவில் மலைமுகட்டின் மேல் பூக்கோவா போன்று வெண்முகில் குவிந்து, அடிப்பாகம் கறுக்கத் தொடங்கினால் மின்னல் தொலைவில் இல்லை. இலங்கையில் மின்னல் தாக்கி இறப்போர் ஏப்ரல் மாதத்தில் அதிகம். கொழுந்து பறிக்கும் நேரமும் அதுவே என்பதுதான் வேதனை. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், அது எத்தனை கிலோமீற்றர் தொலைவில் விழுந்தது என்பது தெரியும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். தனித்து நிற்கும் நிழல்மரத்தின் கீழ் ஒதுங்குவது மழைக்குப் பாதுகாப்பு, மின்னலுக்கு அழைப்பு. கொழுந்து நிறுக்கும் நேரம் வரவில்லை, இறங்கினால் அரைப்பேர்தான் விழும் என்ற அச்சத்தில் மலையிலேயே நிற்கும் நிலையைத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்படுத்தலாகாது. மின்னல் வேளையில் வேலையை நிறுத்தும் அதிகாரம் மலையில் நிற்கும் கங்காணியிடம் இருக்க வேண்டுமேயன்றி, காரியாலயத்தின் உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது.

இனி, உயிர்களை அதிகம் காவு கொள்ளும் மண்சரிவுக்கு வருவோம்.

மழைவீழ்ச்சி ஒரு மில்லிமீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர் விழுந்திருக்கின்றது என்று பொருள். 150 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் அது ஆறு இலட்சம் லீற்றருக்கு மேல். நிறையில் 600 தொன். இந்த நீரின் ஒரு பகுதி மேற்பரப்பில் ஓடிவிடும். மறு பகுதி மண்ணுக்குள் இறங்கும். மலைநாட்டில் பாறையின் மேல் படிந்துள்ள மண், நூற்றாண்டுகளாக மேலிருந்து உருண்டும் உக்கியும் சேர்ந்த தளர்ந்த மண். மண்துணிக்கைகளுக்கு இடையிலுள்ள வெளிகளில் நீர் நிறையும்போது ஒன்றையொன்று பற்றிநிற்கும் பிடி தளர்கின்றது. அதே வேளை மண்ணின் பாரமும் கூடுகின்றது. பிடி குறைந்து பாரம் கூடினால் சரிவில் நிற்பது நிற்காது. கோடையில் வறண்டு வெடித்த நிலமாயின் வெடிப்புகளின் ஊடாக நீர் இன்னும் விரைவாக ஆழத்துக்குச் செல்லும். இடையறாது பெய்யும் மழையின் இரண்டாம், மூன்றாம் நாளே ஆபத்தானது என்பதற்கும், மழை விட்ட பின்னரும் சில மணி நேரம் சரிவு நிகழக்கூடும் என்பதற்கும் இதுவே காரணம்.

காடாக இருந்த சரிவுகளை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள், மேற்பரப்பு நீரை வெளியேற்றுவதற்குக் கான் வெட்டினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சரிவின் குறுக்கே சாய்வாக ஓடும் அந்தக் கான்களைத் துப்புரவு செய்வது தோட்டத்தின் வழமையான வேலைகளுள் ஒன்று. ஆட்பற்றாக்குறை, செலவுச் சுருக்கம் என்ற காரணங்களால் கான் வேலை பின்தள்ளப்பட்ட தோட்டங்களில், தூர்ந்துபோன கானில் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்குகின்றது. கான் வெட்டுவது தேயிலைக்கு மட்டும் உரிய பராமரிப்பு அல்ல. கீழே உள்ள லயத்தின் உயிர்க்காப்பும் அதுவே. லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதையும் கவனித்தல் வேண்டும். நல்ல நிலம் தேயிலைக்கு, காற்றோட்டமான மேடு துரையின் பங்களாவுக்கு என ஒதுக்கிய பின், ஓடைக்கரையும் வெட்டிய சரிவின் அடிவாரமும் தொழிலாளருக்கு மிஞ்சின.

இதன் விளைவை எமது மக்கள் திரும்பத் திரும்பக் கண்டுவிட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதையுண்டன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. அந்த இடம் அபாயகரமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அறிவுறுத்தியிருந்தது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் அதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயன் குடியிருப்பு ஒன்று புதையுண்டது. அரநாயக்க என்ற பெயர் நினைவிருக்கும் எத்தனை பேருக்குக் களுபஹன என்ற பெயர் நினைவிருக்கின்றது?

கடலுக்கு அப்பாலும் கதை இதுவே. 2020 ஆகஸ்ட் 6 இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரும் பிள்ளைகளுமாக 70 பேர் பறிபோயினர். மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்திருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த பேரழிவில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்திய 48 மணித்தியாலங்களில் அங்கு 572 மில்லிமீற்றர் மழை பதிவாகியிருந்தது. இந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்பதே எமது கவனத்துக்குரியது. கல்பற்றாவிலுள்ள ஹியூம் நிலையம் என்ற ஒரு சிறிய ஆய்வு அமைப்பு, மாவட்டம் முழுவதும் ஏறத்தாழ இருநூறு மழைமானிகளை ஊர்மக்களின் உதவியோடு பராமரித்து வந்தது. அவர்கள் காலையில் வாசித்துச் சொல்லும் அளவுகளைக் கொண்டே அந்நிலையம் முதல் நாளே ஆபத்தை உணர்ந்து மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவித்தது. சிலர் இடம்பெயர்ந்தனர், பெரும்பாலானோர் வீடுகளிலேயே உறங்கினர். அளப்பது சாத்தியம் என்பதையும், அளந்தால் மட்டும் போதாது என்பதையும் வயநாடு ஒருங்கே காட்டிவிட்டது.

பன்விலவுக்குத் திரும்புவோம். மழையை அளப்பதற்கு ஹியூம் நிலையம் போன்ற ஒன்றை நாம் புதிதாகத் தோற்றுவிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான தேயிலைத் தோட்டங்களின் காரியாலய முற்றத்திலோ தொழிற்சாலை முற்றத்திலோ ஓர் உலோக உருளை நிற்கின்றது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தோட்டங்கள் காலைதோறும் மழையை அளந்து எழுதி வருகின்றன. உரம் போடுவதற்கு உகந்த நாள் எது, கொழுந்துச் சுற்று எத்தனை நாளுக்கு ஒன்று, அடுத்த மாத விளைச்சல் எவ்வளவு என்பதையெல்லாம் கணிக்க அந்த அளவு தேவைப்படுகின்றது. தேயிலைச் செடிக்காக அளக்கப்படும் அதே எண், செடிக்குக் கீழே உறங்கும் மனிதனுக்கும் சொல்லப்பட வேண்டாமா என்பதே எமது கேள்வி. அந்த எண் கொப்பியில் ஏறி, மாத முடிவில் கொழும்பிலுள்ள கம்பனிக்குச் சென்றுவிடுகின்றது. அரைக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள லயத்துக்குச் செல்வதில்லை.

இந்த எண்ணுக்குப் பொருள் சொல்வதற்கான அளவுகோலும் ஆயத்தமாகவே உள்ளது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களுக்குக் கூறிவரும் அளவுகள் மூன்று. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தொட்டாலோ வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தொலைக்காட்சியில் காட்டப்படும் நிறங்கள் இந்த நிலைகளுக்கு உரியவை. 'டித்வா' நாட்களில் மத்திய மலைநாட்டின் பல இடங்களில் ஒரே நாள் மழை 300 மில்லிமீற்றரைத் தாண்டியது. வெளியேற வேண்டிய எல்லையின் இரு மடங்கு அது.

நிறுவனத்தின் அறிவித்தல் வருகின்றதே, தோட்டத்துக் கணக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவுக்கு என வெளியாகின்றது. பன்வில பிரிவு ஒன்றுதான். ஆனால் மழை அவ்வாறு ஒரு பிரிவு முழுவதும் சமமாகப் பெய்வதில்லை. மலைநாட்டு மழையை அறிந்தவர்களுக்கு இது தெரியும்: ஹுலுகங்கைக் கடைவீதியில் குடை விரிக்கத் தேவையில்லாத வேளையில் மடுல்கலைக்கு மேலே கொட்டித் தீர்க்கும். நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் பல இடங்களில் உள்ளன எனினும், ஒவ்வொரு மலைமடிப்பிலும் ஒன்றை வைக்க எந்த அரசாங்கத்தாலும் இயலாது. தோட்டத்து உருளைகள் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

அடுத்தது மொழி. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளுள் ஒன்று. அவ்வாறிருந்தும் 2025 நவம்பர் இறுதி நாட்களில் அவசர அறிவித்தல்கள் பல தமிழில் வெளிவரவில்லை அல்லது தாமதமாகவே வந்தன என்ற முறைப்பாடு நாடெங்கிலும் எழுந்தது. அதிக உயிரிழப்பு நேர்ந்த மலைச்சரிவுகளில் வாழ்வோருள் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர் என்பதை எண்ணும்போது, இதனை ஒரு மொழிபெயர்ப்புக் குறைபாடு என்று கடந்துவிட எம்மால் முடியவில்லை. மில்லிமீற்றர் எண்ணுக்கு மொழி கிடையாது என்பது இவ்விடத்தில் ஓர் ஆறுதல். பெரட்டுக்களத்தில் ஒரு கரும்பலகையில் "நேற்று 62, இன்று 88" என்று எழுதிவைத்தால், அதனைத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வாசிப்பர்.

பலகை பகலுக்குச் சரி. இரவுக்கு ஒலி வேண்டும். காலையில் வேலைக்கு அழைக்கத் தொழிற்சாலைச் சங்கை ஊதத் தெரிந்த தோட்டங்கள், நள்ளிரவில் வெளியேறச் சொல்லி ஊதுவதற்கும் ஓர் ஓசை முறையை வகுத்துக்கொள்ளலாம். மின்சாரம் துண்டிக்கப்படும் இரவுகளுக்காகக் கையால் சுழற்றும் சங்கொன்று இருத்தல் நலம். கோவில் மணியும், மின்கலத்தில் இயங்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் விகாரையின் ஒலிபெருக்கியும் இதற்குத் துணைநிற்கக் கூடியவை. இதற்கென்று எவரும் மத பேதம் பார்க்கப் போவதில்லை.

மேலே அளக்கும் மழை கீழேயுள்ள ஊர்களுக்கும் வேண்டிய செய்தி. அக்குறணையைப் பாருங்கள். பிங்கா ஓயா பெருக்கெடுத்து அந்நகரின் பிரதான வீதியையும் கடைகளையும் மூழ்கடிப்பது பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நிகழ்கின்றது. ஆற்றின் கரைகள் கட்டடங்களால் நெருக்கப்பட்டமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று என்பதையும், அதனை அவ்வூரார் தாமே பேசித் தீர்க்க வேண்டியுள்ளது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் மேட்டுப் பகுதிகளில் பெய்த மழையின் அளவு ஒரு மணித்தியாலம் முன்னதாகத் தெரிந்தால், வர்த்தகர்கள் பொருட்களை மேல்மாடிக்கு ஏற்றிக்கொள்ள முடியும். மகாவலி கரையிலுள்ள கம்பளைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது: வெளியேறி எங்கே போவது? எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் வெளியேறவில்லை என்று அதிகாரிகள் குறைகூறுவதை ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் கேட்கின்றோம். ஆடும் மாடும் கோழியும் வீட்டிலேயே நிற்கின்றன, பூட்டில்லாத கதவு, பாடசாலைக் கட்டடத்தில் நூறு பேருக்கு இரண்டு மலசலகூடம், நாளைய பேர் விழாது. இவற்றுக்கு மேலாக, மூன்று முறை வெளியேறி மூன்று முறையும் ஒன்றும் நிகழாமல் திரும்பியவர்களுக்கு நான்காம் முறை கால் எழுவதில்லை. இவற்றை அறியாமை என்று கூறுவது அநீதி. வெளியேறும் நாளுக்குச் சம்பளம் உண்டு என்று தோட்டம் உறுதியளித்தால் பாதிப் பேர் எழுந்து நடப்பர் என்று நாம் நம்புகின்றோம்.

நிரந்தரத் தீர்வு நிலத்தில்தான் உள்ளது. லயத்தில் வாழும் குடும்பத்துக்கு லயமும் சொந்தமல்ல, அது நிற்கும் நிலமும் சொந்தமல்ல. வீடு சேதமடைந்தால் நட்டஈடு பெறுவதற்கும் மாற்றிடம் கேட்பதற்கும் உறுதிப்பத்திரம் கேட்கப்படும் நாட்டில், இந்த மக்கள் எதைக் காட்டுவது? 7 பேர்ச்சஸ் என்றும் 10 பேர்ச்சஸ் என்றும் வாக்குறுதிகள் வந்தன. இந்திய உதவியுடனான வீடமைப்பில் முதலில் 4,000 வீடுகளும், 2017 இல் மேலும் 10,000 வீடுகளும் என அறிவிக்கப்பட்டன. கட்டப்பட்ட வீடுகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் புதிய வீடுகளுக்கான நிலத்தைத் தெரிவு செய்யும்போது, தேயிலை விளையாத சரிவை ஒதுக்கிக் கொடுக்கும் பழைய வழக்கம் தொடருமாயின், லயத்திலிருந்து வீட்டுக்கு மாறியவர்கள் ஆபத்திலிருந்து மாறியவர்களாக மாட்டார்கள். ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைச் சான்று கிடைத்த பின்னரே அத்திவாரம் வெட்டப்பட வேண்டும் என்பதில் தொழிற்சங்கங்கள் விட்டுக்கொடுக்கலாகாது.

நிலம் கிடைக்கும் வரை மழை காத்திருக்காது. ஆதலால் தோட்ட நிர்வாகத்தையோ அரசாங்கத்தையோ எதிர்பாராமல் எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய ஒன்றைக் குறிப்பிடுகின்றோம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான ஒரு போத்தலையோ டின்னையோ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கிய பாத்திரம் பிழையான அளவைத் தரும். கூரைத் தாழ்வாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விலகிய திறந்த இடத்தில், சாயாதவாறு கல் அடுக்கி வையுங்கள். காலை 8.30க்குப் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே இறக்கி நீரின் உயரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதிய பின் நீரை ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாளின் மழையைக் கணக்கிடும் நேரமும் அதுவே. அடிமட்டத்தின் ஓரத்துக்கும் பூச்சியக் கோட்டுக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இருக்கும்; அதனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாடசாலை மாணவர்களுக்கு இது விஞ்ஞான பாடமாகவும் அமையும்.

அடைமழை நாட்களில் காலை வரை பொறுத்திருக்காமல் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 10 சென்றிமீற்றரானால் பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்பிவிடுங்கள். 15 ஆனால் எவரும் உள்ளே இருக்கலாகாது. அளவு எதுவாக இருப்பினும், சரிவில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென இறுகும் கதவு, தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது சடுதியாக நின்றுபோவது ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலே வெளியேறிவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அறிவித்தல் வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து, டோர்ச் ஆகியன ஒரே பையில் கதவருகே இருக்கட்டும். போகும் பாதை ஓடையைக் கடப்பதாக இருந்தால், மழையற்ற ஒரு பகலில் குடும்பத்தோடு நடந்து, ஓடையைக் கடக்காத வேறு பாதையொன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.